மலையக மெல்லிசைக் குழுக்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஓர் இசைக்குழுவில் பல வருடங்கள் வயலின் வாசித்தேன். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். திருவிழா மேடைக்குப் பின்னால், வகுப்பு முடியும்வரை பெற்றோர் காத்திருக்கும் வாசலில், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் என்று எங்கே போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். நின்றபடி பேசும்போது பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

மெல்லிசை மெல்லிசைன்னு சொல்றீங்களே, அது சினிமாப் பாட்டுக்கு இன்னொரு பேரா?

இல்லை. சினிமாப் பாட்டு மெல்லிசையின் பெரிய கிளை, அவ்வளவுதான். ராகத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு, ஆலாபனை, நிரவல், கற்பனாசுரம் என்று விரிக்காமல், நாலைந்து நிமிடத்துக்குள் வரிகளின் பொருள் முன்னுக்கு நிற்கும்படி பாடுவது மெல்லிசை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் நிழல் மாதிரி பின்னாலேயே போவார். மெல்லிசையில் வாத்தியங்களுக்குத் தனி வேலை இருக்கிறது. தொடக்க இசை, இடையிசை, பாடகர் மூச்சு விடும் இடத்தில் வரும் சின்னச் சின்னப் பூச்சு எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்தவை.

சொல் மிகப் பழையது. தொல்காப்பியம் சொல்லும் இருபது வண்ணங்களில் மெல்லிசை வண்ணமும் ஒன்று; மெல்லின எழுத்துகள் மிகுந்து வரும் செய்யுளின் ஓசை அது. இன்றைய பொருளில் சொல்லைப் பரப்பியவை வானொலி நிலையங்கள். 1963இல் சென்னையில் விசுவநாதன், ராமமூர்த்தி இருவருக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்று பட்டம் கொடுத்த பிறகு அது எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது.

பல வாத்தியம் ஒண்ணா சேர்ந்து வாசிக்கிறது வெள்ளைக்காரன் பழக்கம்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்தைப் படித்துப் பாருங்கள். குழலின் வழியே யாழ் நிற்கிறது, யாழின் வழியே தண்ணுமை, அதன் பின்னால் முழவு, எல்லாவற்றோடும் சேர்ந்து ஆமந்திரிகை. யார் யாரைப் பின்பற்ற வேண்டும் என்ற ஒழுங்கு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். பல வாத்தியம் சேர்ந்த இசைக்குப் ‘பல்லியம்’ என்று சங்க காலத்திலேயே சொல் இருந்தது.

மேற்கத்திய இசையிலிருந்து வந்தது வேறு. ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களை அடுக்கி ஒலிக்கவைக்கும் முறையும், வயலின், கிளாரினெட் போன்ற வாத்தியங்களும் அங்கிருந்து வந்தவை. அந்தச் சேர்க்கைக்கும் இருநூறு வயது ஆகிறது. தஞ்சாவூரை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழு வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பாண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டு சுரங்கள் என்று இன்றும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். கோயில் ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் கடைசியில் ‘இங்கிலீஷ் நோட்டு’ வாசிப்பாரே, அதற்கும் இந்த வழிதான். கலப்பு என்பது நேற்றைக்குக் கீபோர்ட் வாங்கியவர்கள் தொடங்கிய வேலை இல்லை.

மலையகத்துக்கு இது எப்போ வந்தது? யார் கொண்டுவந்தாங்க?

ஒரு தேதியும் ஒரு பெயரும் சொல்ல முடியாது. மூன்று அடுக்காகப் பார்த்தால் விளங்கும். அடியில் இருப்பது தோட்டத்தின் சொந்த இசை. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கும் அப்புறம் தேயிலைக்கும் வந்த மக்கள் தப்பு என்ற பறையையும் உருமியையும் உடுக்கையும் கொண்டுவந்தார்கள். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து எடுக்கும்போது பாடும் பாட்டு, மாசி மாதத்துக் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு எல்லாம் அந்த அடுக்கு. சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால்தான் பல வரிகள் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

இரண்டாவது அடுக்கு ஆர்மோனியம். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த இசை நாடகங்களின் பாட்டு தோட்டங்களுக்கும் ஏறி வந்தது. ஒரு தோட்டத்தில் ஆர்மோனியம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், பஜனைக்கும் நாடகத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் அவர்தான். சாஸ்திரிய ராகமும் சனங்கள் விரும்பும் மெட்டும் ஒரே பெட்டியில் சேர்ந்தது அவர் கையில்தான். அந்த ஆர்மோனியக்காரர்களை எங்கள் முதல் இசையமைப்பாளர்கள் என்று சொல்வேன்.

மூன்றாவது அடுக்கு ரேடியோ. அதற்குத் தனியாகப் பதில் வேண்டும்.

ரேடியோ சிலோன் பத்தி எல்லாரும் பெருமையா பேசுறாங்க. இதுல அதுக்கு என்ன பங்கு?

பெரிய பங்கு. கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி தொடங்கியது. 1950இல் வர்த்தக சேவை வந்தது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது, தமிழ்நாட்டுக்காரர்களே தங்கள் படப் பாட்டைக் கேட்கக் கொழும்புக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் அந்த வானொலியே பாட்டுக்கென்று விவித் பாரதி சேவையைத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. நமக்கோ அது சொந்த வீட்டு ரேடியோ. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு காம்பராவில் (அறையில்) ரேடியோ இருந்தால் லயம் முழுக்கக் கேட்கும்.

எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் சொல்வார்: பாட்டைப் பதிவு செய்ய வழி இல்லாத காலத்தில், ஒலிபரப்பாகும் நேரத்துக்கு நாலு பேர் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொள்வார்களாம். ஒருவர் தொடக்க இசையை மட்டும் பிடிப்பார், ஒருவர் பல்லவி, ஒருவர் இடையிசை, ஒருவர் தாளம். பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு துண்டாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். விட்டுப்போனதை அடுத்த முறை ஒலிபரப்பும்போது பிடிப்பார்கள். அந்தக் காதுப் பழக்கம்தான் மலையகக் குழுக்களின் முதல் பள்ளிக்கூடம்.

படப் பாட்டு மட்டும் இல்லை. ஈழத்து மெல்லிசை என்று ஒரு தனி வகையை வளர்த்ததும் இலங்கை வானொலிதான். எஸ்.கே. பரராஜசிங்கம், குலசீலநாதன் போன்றவர்கள் பாடினார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்த வயலின் கலைஞர் ஆர். முத்துசாமியும், ரொக்சாமியும் சிங்களப் படங்களுக்கும் இசையமைத்தார்கள், தமிழ்ப் பாடல்களுக்கும் இசையமைத்தார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது உள்ளூர்ப் பாட்டுக்கு இடம் கிடைத்தது. பொப் இசைப் பாடல்களும் அந்தக் காலத்தில்தான் மேடை மேடையாக ஓடின.

ஒரு குழுவுல எத்தனை பேர் இருக்கணும்? என்னென்ன வாத்தியம்?

கணக்கு எதுவும் இல்லை. பழைய நாளில் ஆர்மோனியம் அல்லது அக்கோர்டியன், வயலின், புல்லாங்குழல், கிட்டார், தபேலா, டோலக், பொங்கோஸ், அப்புறம் பாடகர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வரை ஒரு லொறியில் ஏறுவோம். இன்றைக்குக் கீபோர்ட், பேஸ் கிட்டார், ரிதம் பேட், ட்ரம் செட் என்று ஐந்து பேரில் முடிகிறது. நாதஸ்வரமும் தவிலும் கோயிலுக்குள் இருக்கும், இசைக்குழு வெளியே மேடையில் இருக்கும். சில இடங்களில் முதல் உருப்படிக்கு மட்டும் நாதஸ்வரக்காரரை மேடைக்கு அழைப்பார்கள். அது நன்றாக இருக்கும்.

நோட்டு எழுதி வச்சு வாசிப்பீங்களா?

சிலர். தேவாலயத்தில் பாட்டுப் பழகியவர்களுக்கு ஐந்து கோட்டு நோட்டு தெரியும். சங்கீதம் படித்தவர்கள் ஸரிகம எழுதி வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் மேலே சொன்ன மாதிரி காதால் பிடித்தவர்கள். ஒரே மேடையில் மூன்று விதமும் இருக்கும். நடுவில் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். எங்கள் குழுவில் அந்த வேலை வயலின்காரருக்கு, அதாவது எனக்கு, வந்து சேர்ந்தது.

கீபோர்டுல கர்நாடக ராகம் வாசிக்கவே முடியாதுன்னு எங்க டீச்சர் சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. ராகம் என்பது சுர வரிசை மட்டும் இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் வழியும், அங்கே போய் நின்று அசைவதும் ராகம்தான். அதைத்தான் கமகம் என்கிறோம். கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் வழி கிடையாது. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது ‘க’ சுரத்தை, கட்டையில் நேராக அமுக்கினால் தோடி வராது. இதே குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை ஒதுக்கி, ஏறக்குறைய முப்பது வருடம் உள்ளே விடாமல் வைத்திருந்தது.

மற்றப் பாதி இது. எல்லா ராகமும் தோடி மாதிரி அசைவையே நம்பி நிற்பதில்லை. ஹம்சத்வனி, மோகனம், கீரவாணி போன்றவற்றில் சுரங்கள் ஓரளவு நேராக நின்றாலும் ராகத்தின் முகம் தெரியும். இடது பக்கம் இருக்கும் சுருதி வளைக்கும் சில்லைப் பழகிய கைக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அதனால் குழுவில் வேலையைப் பிரித்துக்கொள்வோம். அசையும் இடம் வயலினுக்கும் குழலுக்கும், நிற்கும் இடம் கீபோர்டுக்கு. டீச்சர் சொல்வதை மறுக்க வேண்டாம். கமகம் வாய்ப்பாட்டில் வந்த பிறகு பிள்ளை கீபோர்டைத் தொடட்டும்.

கோயில் மேடையில ஏன் எப்பவும் ஹம்சத்வனியிலயே தொடங்குறாங்க?

பிள்ளையாருக்கு முதல் பாட்டு என்பது வழக்கம். முத்துசுவாமி தீட்சிதர் விநாயகர் மேல் பாடிய மிகப் புகழ்பெற்ற கீர்த்தனை ஹம்சத்வனியில் இருக்கிறது. ராகத்தை உருவாக்கியவர் அவருடைய அப்பா ராமசுவாமி தீட்சிதர்.

இசைக்குழுவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஹம்சத்வனியில் ஐந்து சுரம்தான்: ஸ, ரி, க, ப, நி. இதில் ஸ-க-ப ஒரு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), ப-நி-ரி இன்னொரு கோர்ட். வெளிச்சுரம் ஒன்றும் தேவைப்படாமல் மேற்கத்திய இசையின் இரண்டு முக்கியமான கோர்ட்டுகளும் ராகத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. கிட்டார்காரரும் வயலின்காரரும் ஒருவரை ஒருவர் கெடுக்காமல் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அப்போ கல்யாணிக்கும் அப்படியே கோர்ட் போடலாம்தானே? போட்டா ராகம் மாறின மாதிரி கேட்குதே?

நல்ல காது உங்களுக்கு. மாறித்தான் போகிறது. காரணம் சொல்கிறேன். கல்யாணியில் பிரதி மத்திமம் (உயர்ந்த ‘ம’) இருப்பதால், ரி-ம-த மூன்றையும் சேர்த்து அடித்தால் ஒரு மேஜர் கோர்ட் வருகிறது. அதை அடித்துவிட்டுப் பஞ்சமத்தில் போய் நின்றால், காது பஞ்சமத்தையே ஆதார ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளும். பஞ்சமத்தை ஸ என்று வைத்து அதே சுரங்களை எண்ணிப் பாருங்கள். கல்யாணி போய்ச் சங்கராபரணம் வந்திருக்கும். சுரம் ஒன்றும் மாறவில்லை, வீடு மாறிவிட்டது.

தீர்வு, அந்த ரி-ம-த கோர்ட்டிலிருந்து பஞ்சமத்துக்குப் போகாமல் ஷட்ஜமத்துக்கே திரும்புவது. கீழே பேஸ் கிட்டார் ஸ-வை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் பாதுகாப்பு. தம்புராவின் வேலையைப் பேஸ் செய்கிறது. இன்னொரு வழியும் இருக்கிறது. கோர்ட்டே போடாமல் விடலாம். பாடகர் ராகத்தில் நின்று அசையும் இரண்டு வரிக்குக் கிட்டார்காரர் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டால் அந்த இடம் தனியாக மின்னும். எங்கே வாசிக்கக்கூடாது என்று தெரிந்த கிட்டார்காரர் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் விடாதீர்கள்.

நுவரெலியா மேடையில மட்டும் மிருதங்கம் இறங்குது, புல்லாங்குழல் சேரமாட்டேங்குது. கொழும்புல சரியா இருந்துச்சு. வாத்தியத்துல குறையா?

வாத்தியத்தில் குறை இல்லை, குளிரும் ஈரமும்தான். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளரும், சுருதி இறங்கும். மழைக்கால இரவில் மிருதங்கமும் தபேலாவும் அரைக் கட்டை இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். புல்லாங்குழலுக்குக் காரணம் காற்று. 30 பாகை வெப்பத்தில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 349 மீற்றர் போகும், 15 பாகையில் சுமார் 340 மீற்றர்தான். குழலுக்குள் ஒலி மெதுவானால் சுருதி இறங்கும். கணக்குப்படி பார்த்தால் அரைச்சுரத்தில் ஏறக்குறையப் பாதி. ஊதுபவரின் மூச்சு குழலைச் சூடாக்குவதால் உண்மையில் அவ்வளவு இறங்காது, ஆனால் முதல் இரண்டு பாட்டுக்குள் கேட்கும். கீபோர்டோ குளிருக்கு அசையாது. எல்லோரும் இறங்கி நிற்க, அது மட்டும் அதே இடத்தில் நிற்கும். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

குழலை மேடை ஏறும்வரை சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஏறுமுன் சத்தம் வராமல் ஊதிச் சூடாக்குங்கள். மிருதங்கத்தைச் சிமெந்துத் தரையில் வைக்காதீர்கள், கம்பளியில் சுற்றி வையுங்கள். கல்லும் குச்சியும் கையோடு இருக்கட்டும். எல்லோரும் சேர்ந்த பிறகு கீபோர்டை அவர்களுக்கு ஏற்றபடி கொஞ்சம் இறக்கலாம்; நுண்சுருதி மாற்றும் வசதி பெரும்பாலான கீபோர்டுகளில் இருக்கிறது, தேடிப் பார்த்தால் போதும். தோலுக்கான வைத்தியத்தை நம் தப்புக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அடிக்குமுன் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சுகிறார்களே, அது இதற்காகத்தான்.

எழுபதுகள்ல தோட்டத்துக்குத் தோட்டம் குழு இருந்துச்சுன்னு அப்பா சொல்வாரு. அதெல்லாம் எங்க போச்சு?

ஆட்கள் போனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. குடியுரிமை இல்லாதிருந்த மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். யாருக்கு எந்த நாடு என்று கேட்டவர்கள் யார் ஆர்மோனியம் வாசிக்கிறார், யார் பாடுகிறார் என்று பார்க்கவில்லை. எழுபதுகளில் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலில் இராமேஸ்வரம் இறங்கியவர்களில் எத்தனையோ தபேலாக்காரர்கள், பாடகர்கள். ஒரு குழுவில் இருவர் போனால் குழு நின்றுவிடும். எங்களுக்கு முன்னால் இருந்த குழு அப்படித்தான் நின்றது. அவர்கள் விட்டுப்போன ஒரு டோலக்கில்தான் எங்கள் ஆள் முதலில் பழகினார்.

அப்புறம் 1977இல் பொருளாதாரம் திறந்தபோது கசெட் குவிந்தது. திருவிழாவுக்குக் குழுவைக் கூப்பிடுவதற்குப் பதில் ஸ்பீக்கர் கட்டிக் கசெட் போட்டால் போதும் என்றானது. 1983 ஜூலைக் கலவரம் மலையகத்தையும் விடவில்லை. இரவில் ஊர் விட்டு ஊர் போய் வாசிக்கவே பயந்த வருடங்கள் அதற்குப் பிறகு வந்தன. கடைசியாகத்தான் கீபோர்ட் வந்தது. பலர் கீபோர்டைக் குற்றம் சொல்கிறார்கள். அது வந்தபோதே வீடு பாதி காலியாக இருந்தது.

சிங்களப் பாட்டு, பைலா எல்லாம் ஏன் வாசிக்கிறீங்க? நம்ம மேடைக்கு அது தேவையா?

கேட்க வருபவர்கள் இரண்டு மொழிக்காரர்கள். பதுளையிலோ கண்டியிலோ மேடை போட்டால் முன்வரிசையில் பக்கத்துக் கிராமத்துச் சனங்களும் இருப்பார்கள். அவர்களுடைய மெல்லிசைக்கும் நம்முடையதுக்கும் உறவு உண்டு. சிங்களப் பாடகர் அமரதேவ இந்துஸ்தானி இசை படித்து, அதைச் சிங்கள நாட்டுப்புற மெட்டோடு சேர்த்தார். எலெக்ட்ரிக் கிட்டாரைச் சிங்களப் பாட்டில் பரப்பிய கிளாரன்ஸ் விஜேவர்த்தன ஹப்புத்தளையில் பிறந்தவர், மலைக்காரர்.

பைலாவைப் பற்றி எனக்கு ஒரு தனி ஆசை. போர்த்துக்கேயர் காலத்து வழியில் வந்த ஆட்டப் பாட்டான பைலா ஆறு எண்ணிக்கையில் துள்ளும். அண்ணாமலை ரெட்டியார் வழிவந்த காவடிச்சிந்தும் திஸ்ர நடை, மும்மூன்றாக ஓடுவது. காவடிச்சிந்து முடிந்த கையோடு டோலக்காரர் அதே ஓட்டத்தில் அழுத்தத்தை மட்டும் மாற்றினால் பைலாவுக்குள் போய்விடலாம். மேடையில் செய்து பாருங்கள். சனங்கள் எழுந்து ஆடும்போது, எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று அவர்களுக்கே தெரியாது.

கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளை, இசைக்குழுவுல வாசிச்சா கை கெட்டுப்போகுமா?

இந்தக் கேள்வி அம்மாக்களிடமிருந்து வரும், கவலையோடு வரும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்படுத்தக் காசு செலவழித்துக்கொண்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் பிள்ளைகளைப் பாருங்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு இந்தியாவுக்குத் திரும்பிய குடும்பம் அது. எல். சுப்பிரமணியம் கச்சேரியும் செய்தார், மேற்கத்திய இசைக்குழுக்களுக்கும் எழுதினார். எல். சங்கர் எழுபதுகளில் ஜோன் மக்லாஃப்லினோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தார். அவர்கள் கை கெடவில்லை.

ஆனால் ஒன்று. மேடையில் வேகமும் கைதட்டலும் பழகிய பிள்ளைக்கு வீட்டில் சரளி வரிசை வாசிக்கப் பொறுமை குறையும். நான் என் மாணவர்களிடம் வர்ணம் மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) சுத்தமாக வந்த பிறகுதான் மேடை என்று சொல்லிவிடுவேன்.

பெண் பிள்ளைகள் பாடத்தானா? வாசிக்கக் கூடாதா?

வாசிக்கலாம், வாசிக்க வேண்டும். தடை இசையில் இல்லை, இரவுப் பயணத்தில் இருக்கிறது. நிகழ்ச்சி முடிய நடுச்சாமம் ஆகும், திரும்ப வாகனம் இருக்காது. ஏற்பாட்டாளரிடம் நேரத்தையும் வாகனத்தையும் முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள்.

டிராக் போட்டுப் பாடுறதும் இசைக்குழுதானே?

டிராக் என்பது முன்பே பதிவு செய்த வாத்திய இசை. பாட்டு நன்றாக இருக்கலாம், ஆனால் அது இசைக்குழு இல்லை. பாடகர் ஒரு வரியை நீட்டினால் டிராக் காத்திருக்காது.

இவ்வளவு பேசுறீங்க, நம்ம தப்பு ஏன் அந்த மேடையில இல்ல?

பதுளைப் பக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டது இது. மற்ற எதையும்விட இதற்குத்தான் நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் கூடுவதற்கு, எழுப்பியது தப்பு. காமன் கூத்தை ஆட்டியது தப்பு. சாமி புறப்பாட்டுக்கும் சாவு வீட்டுக்கும் அதுதான். தோட்டத்து வாழ்க்கையில் தப்பு ஒலிக்காத நாள் குறைவு. ஆனால் அதை அடிப்பவர்கள் இன்ன சாதி என்று ஒதுக்கி வைத்த பழக்கமும் கப்பல் ஏறிக் கூடவே வந்தது. மெல்லிசை மேடை போட்ட எங்களுக்குக் கண்ணியமான இசை என்றால் ஒருபக்கம் மிருதங்கம், மறுபக்கம் கிட்டார். சாஸ்திரிய இசையையும் சனரஞ்சக இசையையும் கலக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். லயத்தில் பிறந்த இசையை மேடைக்குக் கீழே நிறுத்தினோம். சத்தம் அதிகம், மைக்குக்கு ஒத்துவராது என்று காரணம் சொன்னோம். ட்ரம் செட்டுக்கு அந்தக் காரணத்தை யாரும் சொல்லவில்லை.

ஒரு தோட்டத் திருவிழாவில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது கரகம் மேடைக்கு முன்னால் வந்தது. வழக்கப்படி வாசிப்பை நிறுத்தி வழிவிட வேண்டும். எங்கள் டோலக்காரர் நிறுத்தவில்லை. கீழே நாலு தப்பு அடித்த அடிக்குள் அவர் கை தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. நான் வயலினில் ஷட்ஜமத்தை மட்டும் இழுத்துப் பிடித்தேன். பத்து நிமிடம் இருக்கும். கரகம் கோயிலுக்குள் போன பிறகு தப்புக்காரர்களில் மூத்தவர் மேடையைப் பார்த்துத் தலையை அசைத்தார். மேலே வாங்க என்று அன்றைக்கு அவரை அழைக்க எனக்கு வாய் வரவில்லை. இன்று தப்பைப் படிக்கவும் பழக்கவும் இளைஞர்கள் முன்வருகிறார்கள். பாடசாலை மேடைகளிலும் பார்க்கிறேன். இசைக்குழுக்கள்தான் இன்னும் பிந்தி நிற்கின்றன.

சரி, தப்பு, வயலின், கீபோர்ட் மூணையும் வச்சு ஒரு உருப்படி செய்யணும். எப்படித் தொடங்குறது?

பாட்டைத் தேடும்போது ராகத்தில் தொடங்காதீர்கள். உங்கள் பாட்டியிடம் தொடங்குங்கள். தாலாட்டோ கும்மியோ ஒன்றைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நாட்டுப்புற மெட்டு பெரும்பாலும் ஐந்தாறு சுரத்துக்குள் நிற்கும். அது எந்த ராகத்துக்குக் கிட்டே போகிறது என்று அப்புறம் பாருங்கள். நீலாம்பரிக்கோ செஞ்சுருட்டிக்கோ கிட்டே போனால், அந்த ராகத்தின் பிடியை வயலின் இடையிசையில் மட்டும் எடுக்கட்டும். பாட்டியின் மெட்டை ராகத்துக்காகத் திருத்த வேண்டாம்.

தப்புக்கு மிருதங்கம் மாதிரி குறிப்பிட்ட சுருதி இல்லை, எந்தக் கட்டையில் பாடினாலும் மோதாது. சத்தம்தான் கவனிக்க வேண்டியது. தப்புக்கு மைக் வைக்காமல், மேடையின் ஓரத்தில், பாடகரின் மைக்கிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்துங்கள். தொடக்கத்தில் தப்பு மட்டும் ஒலிக்கட்டும், சனங்களுக்கு அடி பிடிபடும் வரைக்கும். பிறகு கீபோர்ட் ஸ-ப மட்டும், கல்யாணிக்குச் சொன்ன பேஸ் மாதிரி நின்று பிடிக்கட்டும். கோர்ட் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வேண்டாம். மும்மூன்றாக ஓடும் மெட்டு என்றால் கடைசிச் சரணத்தைப் பைலா பக்கம் திருப்பலாம், மேலே எழுதியிருக்கிறேன். தப்பு காய்ச்ச மேடைக்குப் பின்னால் நெருப்பு மூட்ட இடம் வேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கூடாரத் துணியிலிருந்து தள்ளி.

அறிவிப்பாளரிடம் கலைஞர்களின் பெயர் எழுதிக் கொடுப்பீர்கள் இல்லையா, பாடகர், கீபோர்ட், வயலின் என்று. அந்தத் தாளில் தப்பு அடிப்பவரின் பெயரையும் முழுப் பெயராக, மற்றவர்கள் பெயருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையோடு எழுதுங்கள்.